எழுத்தாக வரும் தொலைபேசிப் பேச்சு



புலம்பெயர்ந்து வந்த எங்களுக்குத் தொலைபேசியை விட்டால் வேறு வழியில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோடு கதைப்பதும், வைத்தியரிடம் நாள் எடுப்பதும், வழக்கறிஞர் கூப்பிடுவதும் அதிலேதான். காது மந்தமானவர்கள் என்ன செய்வது?

எங்கள் அண்ணாவுக்கு 2009இல் ஷெல் விழுந்த சத்தத்தோடு ஒரு காது போய்விட்டது. மற்றக் காதும் குறைந்து வருகிறது. நியூ ஜேர்சிக்கு வந்தபின், மணி அடித்தால் தொலைபேசியைப் பத்து வயது மகனிடம் கொடுத்துவிடுவார். தகப்பனின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பிள்ளை கேட்டுச் சொல்லவேண்டிய நிலை. எங்கள் எல்லோருக்கும் அது பெரிய மனவருத்தம்.

காதைச் சோதித்த வைத்தியர்தான் எழுத்துத் தொலைபேசியைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் கதைப்பவரின் குரல் கேட்கும். அதேவேளை அவர் சொல்வது எழுத்தாகத் திரையில் ஓடும். நாங்கள் வாயாலேயே பதில் சொல்லலாம். கைத்தொலைபேசியிலும் இந்த வசதி உண்டு. எழுத்து சில விநாடிகள் பிந்தித்தான் வரும். எங்கள் பெயர்களையும் கண்டபடி எழுதும்.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. 1964இல் கலிபோர்னியாவில் ரொபேர்ட் வைற்பிரெக்ட் என்ற காது கேளாத விஞ்ஞானி, தொலைத்தட்டச்சு இயந்திரத்தைச் சாதாரணத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியைச் செய்தார். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாதவர்களுக்கும் தொலைபேசிச் சேவை கிடைக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. தொலைபேசிக் கம்பனிகள் கட்டும் நிதியிலிருந்தே செலவு போகிறது. பாவிப்பவர் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஆனால் பதிவு செய்யவேண்டும். காது நன்றாகக் கேட்பவர்கள் பாவிக்கக்கூடாது.

“யாரோ ஒட்டுக்கேட்பார்களே” என்று அண்ணா பயந்தார். அந்தப் பயம் எங்களுக்குப் புதிதல்ல. சில அழைப்புகளில் ஒருவர் கேட்டு எழுத்தாக்க உதவுவார். சிலவற்றைக் கணினியே எழுதும். எதுவானாலும், கேட்டதை வெளியே சொல்லவோ, அழைப்பு முடிந்தபின் அதை வைத்திருக்கவோ சட்டம் இடம் கொடுக்காது. இதை விளங்கிய பிறகே அவர் சம்மதித்தார்.

ஆங்கில அழைப்புகளுக்கு இது போதும். ஊருக்குக் கதைக்கும்போது தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்து, பக்கத்தில் இன்னொரு கைத்தொலைபேசியில் கூகுளின் ‘லைவ் ரான்ஸ்கிரைப்’பைத் திறந்து வைக்கிறோம். 2019இல் வந்த இது தமிழையும் எழுதும். எங்கள் பேச்சுத் தமிழில் சிலவேளை தடுமாறினாலும் அம்மா சொல்வது விளங்குகிறது.

எங்களைப்போல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விடயம். எட்டு மணிநேர வேலையில் சராசரிச் சத்தம் 85 டெசிபெல்லோ அதற்கு மேலோ என்றால், காதுக் காப்பையும் வருடாந்தக் காதுப் பரிசோதனையையும் முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்.

காது மந்தம் என்பது வெட்கப்படும் விடயமல்ல. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்தமுறை காது வைத்தியரிடம் போகும்போது எழுத்துத் தொலைபேசியைப் பற்றிக் கேளுங்கள். பெரியவர்களின் பாரத்தைப் பிள்ளைகள் சுமக்கவேண்டாம்.