போதும் என்று சொல்லாத பெட்டி



நாணயம் போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் பலவற்றில் இறுதி வெற்றி என்பதே கிடையாது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பேக்மேனுக்கு முடிவே அமைக்கப்படவில்லை. 255 கட்டங்களைக் கடந்தவருக்கும் 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி சிதைந்து, மேலே செல்ல வழியற்றுப் போகும்.

செந்துறையிலிருந்து திருச்சி சென்றிருந்தபோது, அத்தகைய பெட்டியொன்று என் மகனின் நாணயத்தை விழுங்கிவிட்டு அசையாமல் நின்றது. “அத்தா, இன்னும் ஒரு காசு” என்றான். காசு போனதில் அவனுக்கு வருத்தம். அஸர் நேரம் கழிவதில் எனக்குக் கவலை.

காலத்தின் மீது சத்தியமிட்டே அல்அஸ்ர் அத்தியாயத்தை இறைவன் தொடங்குகிறான். ‘போதும்’ என்று பெட்டி ஒருநாளும் சொல்லாது. பிள்ளைகள் விளையாடட்டும், பாங்கொலி கேட்டதும் தாமாகவே எழுந்து வரும் பழக்கத்தை அவர்களிடம் வளர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.