திரும்பி வரக் காற்று வேண்டுமே!

செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளில் பத்தே நிமிடம் போய், சங்கிலி அறுந்து, லயம்வரை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? குளுவாங் பக்கம் நான் தள்ளியிருக்கிறேன்.

மெர்சிங் கடலில் முக்குளிக்கும் என் அக்காள் மகன், அடுத்து நீர் நிறைந்த குகைக்குள் போகப் பழகப் போகிறானாம். ஆளை இழுத்துச் செல்லும் பேட்டரி ஸ்கூட்டரும் உண்டாம்.

"காற்றுக்கு என்னடா கணக்கு?"

"போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு, மாமா."

"உள்ளே வண்டி நின்றுவிட்டால்?"

பதில் இல்லை. தாளில் கணக்குப் போட்டோம். நீந்தினால் நிமிடத்துக்குச் சுமார் 15 மீட்டர். ஸ்கூட்டரில் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவே ஒரு பங்கு தீர்ந்தால், நீந்தித் திரும்ப மூன்று பங்கு வேண்டும். கையிலிருப்பதோ இரண்டு! தலைக்கு மேலே பாறை. மேலே எழவும் வழியில்லை. அதனால்தான் தேர்ந்தவர்கள் நீந்தி வரும் கணக்கிலேயே காற்றை ஒதுக்குகிறார்கள். உபரி ஸ்கூட்டரும் கொண்டுபோவார்கள், வழியில் சிலிண்டர்களும் வைப்பார்கள்.

2018 ஜூலை 6-ல், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 13 பேருக்காகச் சிலிண்டர்கள் வைத்துவிட்டுத் திரும்பும்போது இறந்த சமன் குனான், முன்னாள் கடற்படை வீரர். பழகாதவர் அல்லர்.

அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.