விண்டோசில் காஃப்கா நிறுவிய கதை



தொடக்கப்பள்ளி ஆசிரியை காஃப்கா நிறுவுவதைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். லிங்க்டுஇன் நிறுவனத்தில் உருவாகி 2011-ஆம் ஆண்டு திறந்த மூலமாக வெளிவந்த மென்பொருள் அது. எழுதுவதற்கென்றே அமைந்தது என்பதால் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரைச் சூட்டினார்கள். வகுப்பின் பொதுக் குறிப்பேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். வரும் செய்தியெல்லாம் கடைசி வரியாகச் சேரும். ஒருவர் படித்துவிட்டார் என்பதற்காக வரி அழியாது. எதுவரை படித்தோம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறித்துவைக்கலாம். மாற்றியமைக்காதவரை 7 நாள்களுக்குச் செய்திகள் காக்கப்படும். பெரிய நிறுவனங்கள் இக்குறிப்பேட்டைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கின்றன. கற்பவருக்கு ஒரு மடிக்கணினியே போதும்.

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்று, இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர், மூன்று நாள் முயன்றும் இதை நிறுவ இயலாமல் சோர்ந்திருந்தார். "டீச்சர், தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் எனக்கு இது வரவில்லையோ?" என்று கேட்டார். இதே கேள்வியைப் பெற்றோர் பலர் வேறு சொற்களில் என்னிடம் கேட்டதுண்டு. ஆகவே, திரையில் வந்த பிழைச் செய்தியைத் தமிழில் எனக்கு விளக்கும்படி சொன்னேன்.

"உள்ளீட்டு வரி மிக நீளமாக உள்ளது" என்றார். எந்த வரி? தொடங்கும்போது, தனக்கு வேண்டிய ஜாவா கோப்புகள் ஒவ்வொன்றின் முழு முகவரியையும் காஃப்கா ஒரே வரியாகக் கோக்கிறது. விண்டோசின் கட்டளைச் சாளரமோ 8191 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. அவர் மென்பொருளைக் கோப்புறைக்குள் கோப்புறையாக ஆறு அடுக்குக்குள் வைத்திருந்தார். அந்த நீண்ட முகவரி ஒவ்வொரு கோப்புக்கும் திரும்பத் திரும்ப வந்தால் வரி எங்கே அடங்கும்? இதில் பள்ளிக்கு என்ன பங்கு? சி வட்டின் முதல் நிலையிலேயே 'காஃப்கா' என்று ஒரு சிறு கோப்புறைக்கு மாற்றியதும் அப்பிழை மறைந்தது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பழைய வழிகாட்டிகள், 'சூகீப்பர்' என்ற துணை மென்பொருளை முதலில் இயக்கச் சொல்கின்றன. 2025-இல் வந்த 4.0 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பிறகு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அதைக் கொண்டு சேமிப்பிடத்தை வடிவமைத்து, சேவையகத்தை இயக்க வேண்டும். விண்டோசுக்குரிய கட்டளைக் கோப்புகள் தனி உட்கோப்புறையில் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்த வேண்டும். ஒரு தலைப்பை உருவாக்கி, ஒரு சாளரத்தில் தட்டச்சு செய்தால் மற்றதில் வரி தோன்றும்.

தமிழ் செல்லுமா என்று நானே ஆவலாகக் கேட்டேன். காஃப்காவுக்கு எம்மொழியும் தெரியாது. அது பைட்டுகளை மட்டுமே வாங்கி வைக்கிறது. 'தமிழ்' என்னும் சொல் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள். கொடுத்த பதினைந்தும் அப்படியே திரும்பும். கறுப்புச் சாளரத்தில் கேள்விக்குறிகள் தோன்றினால் அது பெரும்பாலும் சாளரத்தின் குறைதான்.

விண்டோசில் நேரடியாக இயக்குவது பழகுவதற்கு மட்டுமே ஏற்றது. நாளான கோப்புகளைக் காஃப்கா அவ்வப்போது பெயர் மாற்றி அழிக்கும். திறந்திருக்கும் கோப்பைத் தொட விண்டோஸ் இடங்கொடாமல் போவதால் சேவையகம் நின்றுவிடக்கூடும். விண்டோசுக்குள்ளேயே லினக்சை இயக்கும் வசதியில் நிறுவினால் இத்தொல்லை இல்லை.