வாயை விடு, கையைப் பார்

நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற அன்று, சால்வை போர்த்திய கையோடு பேச எழுந்த இளைய ஆசிரியர் ஒருவர், நாவல்களில் வரும் விடலைப் பிள்ளைகளை மனோதத்துவ நோக்கில் ஆராயும் என் வகுப்பைக் குறிப்பிட்டு, எரிக்ஸன் வகுத்த மனவளர்ச்சிப் பருவங்களின் பட்டியலையும் கதையையும் அருகருகே வைத்தால் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம் என்று வேடிக்கையாகச் சொல்ல, சபையும் சிரித்து வைத்தது.

அந்த அரை மணி முறையில் எழுதப்பட்ட விடைத்தாள்களைத்தான் நான் வருஷக்கணக்கில் திருத்தினேன். ஸாலிஞ்சர் 1951-இல் வெளியிட்ட 'தி கேட்சர் இன் தி ரை' நாவலின் ஹோல்டன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன், பெரியவர்களையெல்லாம் போலிகள் என்று ஏசுகிறவன். ஆகவே மார்சியா 1966-இல் வகுத்த நான்கு அடையாள நிலைகளுள் அவனுடையது, முடிவுக்கு வராமல் தேடிக்கொண்டிருக்கும் மொரட்டோரியம் என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிடுவார்கள். தேடல் நடந்தால் அல்லவா மொரட்டோரியம்? வக்கீலாகலாமே என்று யோசனை சொல்லும் தங்கை ஃபீபியிடம், ரை வயலில் விளையாடும் குழந்தைகள் செங்குத்துப் பாறையிலிருந்து விழாமல் பிடிப்பதே தனக்கு வேண்டிய வேலை என்பவன், எந்தத் தொழிலைத் தேடுகிறான்? சரி, டிஃப்யூஷன் என்போமானால், எதிலும் பற்றில்லாதவனுக்கு உரிய நிலை அது. இவனுக்கோ பற்று மிதமிஞ்சிக் கிடக்கிறது. இது, தன் அனுபவம் வேறெவருக்கும் வாய்க்காதது என்று விடலைப் பிள்ளை நம்புவதாக எல்கைண்ட் சொன்ன தனிப்புராணம் என்று தப்பிக்கப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

எனக்கு இந்த வித்தையைப் போதித்த பேராசிரியர், நிலையின் பெயரை உச்சரிக்கவே எங்களை விடமாட்டார். "அவன் வாயை விடு, கையைப் பாரப்பா" என்பார். தம்பி ஆலி இரத்தப் புற்றுநோயால் இறந்த இரவில், 13 வயது ஹோல்டன் கார் கொட்டகையின் ஜன்னல் கண்ணாடிகளை முஷ்டியால் குத்தி உடைத்தான். மழை நாளில் அந்தக் கை இன்னும் வலிக்கிறது, விரல்களை இறுக மடக்க முடிவதில்லை. அறைத் தோழனுக்காக ஓர் அறையையோ வீட்டையோ வருணித்து எழுத வேண்டிய வியாசத்தில், ஆலி பச்சை மையால் கவிதைகள் எழுதிவைத்திருந்த பேஸ்பால் கையுறையைத்தான் அவன் வருணிக்கிறான். ஐந்தாம் அவென்யூவில் தெருவைக் கடக்க அடியெடுத்து வைக்கும்போதெல்லாம், தான் மறைந்துபோவோமோ என்று நடுங்கி, இறந்த தம்பியைத் துணைக்கு அழைக்கிறான்.

இது பருவத்தின் கலக்கமா, துக்கத்தின் கலக்கமா என்ற வினாவுக்கு நான்கு நிலைகளும் விடை தாரா. அவை, கல்லூரி மாணவர்களை நேரில் அமர்த்தித் தொழிலையும் கொள்கையையும் பற்றி விசாரித்த பேட்டிகளிலிருந்து பிறந்தவை. ஹோல்டனிடமோ ஒரு மறுகேள்வி போட வழியில்லை. போதாக்குறைக்கு, 16 வயதில் பட்டதை 17 வயதில் அவனே சொல்கிறான். இந்த இருவரில் எவனை நாம் பரிசோதிக்கிறோம் என்று தீர்மானிக்காமல் எழுதிய அறிக்கை எனக்கு அறிக்கையே அல்ல. கோட்பாட்டுக்குள் பாத்திரம் அடங்க மறுக்கும் இடத்திலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது. அந்த இடத்திலேயே இக்காலத்தவர் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இப்போது கதைச்சுருக்கமே போதும் என்ற அபிப்பிராயம் பரவி, முழு நூலையும் வாசிக்கச் சொல்லும் ஆசிரியன் கொடுமைக்காரன் என்று பெயர் எடுக்கிறான். நூலைப் படிக்காதவனுடைய தாளைத் திருத்த நான் ஒருநாளும் சம்மதித்ததில்லை. அதனால் வந்த அந்தப் பெயரை மறுக்கவும் எனக்கு உத்தேசமில்லை.