குட்டி யானைக்கு எதற்கு குதிரை வேகம்?



போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள். டீச்சருக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். 1989-ல் புடவையைச் செருகிக்கொண்டு டிவிஎஸ் 50-ல் பள்ளிக்கூடம் வந்த டீச்சரை மறந்துவிட்டீர்களா? மாதனூர் பக்கம் ரோடு காலியாக இருந்தால் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகிப் பார்த்தவள்தான் நானும். அதனால் வேக ஆசையே தப்பு என்று பேச எனக்கு வாய் கிடையாது.

விஷயம் என் தம்பி மகன். யார் பெயரும் போடவில்லை. போட்டால் அவன் ஒரு வாரம் பேசமாட்டான். அவன் ஓட்டுவது 2008-ல் என் தம்பி வாங்கிய டாட்டா ஏஸ், நம் ஊர் பாஷையில் குட்டி யானை. அதைக் கொடுத்துவிட்டு எழுபது குதிரைத்திறன் உள்ள புது வண்டி எடுக்கவேண்டும், ஃபைனான்ஸுக்கு ஜாமீன் கையெழுத்து நான் போடவேண்டும். இதுவரைக்கும் சரி. அதன்பிறகு மெல்ல இழுத்தான்: "அத்த, வண்டி வந்ததும் கொஞ்சம் பெர்ஃபார்மன்ஸ் வேலை செய்யணும்."

என்ன வேலை என்று கேட்டால் பதில் வரவில்லை. பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் 2003 செட் பையனிடம் போனேன். அவன் மறைக்கவில்லை. "டீச்சர், கவர்னரைக் கழட்டிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங் மாத்திட்டா நூத்திப்பத்து போகும். எல்லாரும் கேக்குறாங்க." ஐந்தாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அழுத பிள்ளை. இன்று எஞ்சினுக்குக் கணக்கு போடுகிறான். சந்தோஷப்படவா, காதைத் திருகவா என்று தெரியாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

கையெழுத்து போடுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ரிட்டயர் ஆனபிறகு எனக்கு வேறு என்ன வேலை!

டாட்டா ஏஸ் 2005 மே மாதம் வந்தது. கிரீஷ் வாக் என்பவர் தலைமையில் ஒரு குழு உருவாக்கியது. இண்டிகா காரின் 1405 சி.சி. டீசல் எஞ்சினைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டர், 702 சி.சி., வெறும் 16 குதிரைத்திறன். முக்கால் டன் பாரம். விலை இரண்டேகால் லட்சம் சுமாருக்கு. மூன்று சக்கர ஆட்டோ ஓட்டினவன் நாலு சக்கரத்துக்கு முதலாளி ஆனது அந்த வண்டியால்தான். நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சந்துகளில் டேனரிக்கும் மண்டிக்கும் நடுவே லாரி திரும்பாத இடத்தில் எல்லாம் அது திரும்பியது.

சின்ன வண்டிக்குப் பெரிய எஞ்சின் என்ற யோசனையும் புதிதில்லை. 2009-ல் அதே கம்பெனி சூப்பர் ஏஸ் என்று ஒன்று விட்டது. பாதியாக்கிய எஞ்சினை மறுபடி முழுசாக்கி, டர்போ சேர்த்து, 70 குதிரைத்திறன். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன் பாரத்துக்கு. 2015-ல் 40 குதிரைத்திறனில் ஏஸ் மெகா. ஆக, குட்டி யானைக்கு பலம் கூட்டலாமா என்ற கேள்விக்குக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். என் மருமகன் கேட்பது பலம் இல்லை, ஓட்டம்.

அவன் காட்டிய வீடியோ அமெரிக்காவில் ஃபோர்டு விற்கும் மாவெரிக் என்ற சின்ன பிக்கப். அதில் லோபோ என்று தாழ்வாக இறக்கிக் கட்டிய ஒரு மாடல் வந்திருக்கிறது, ரோட்டில் சுறுசுறுப்பாக ஓட்டுவதற்கென்றே. மிச்சிகனில் இருக்கும் 1996 செட் மாணவனுக்கு இதை அனுப்பிக் கேட்டேன். அவன் சொன்ன கதை வேறு. 1991-ல் ஜிஎம்சி சைக்ளோன் என்று ஒரு சின்ன பிக்கப் வந்ததாம். டர்போ வைத்த ஆறு சிலிண்டர், 280 குதிரைத்திறன். ஒரு கார் பத்திரிகை அதை ஃபெராரியோடு ஓடவிட்டது. பிக்கப் முந்திவிட்டது! ஆனால் அது சுமக்க அனுமதித்த பாரம் 500 பவுண்டு, நம் கணக்கில் 227 கிலோ. நம்முடைய 16 குதிரை வண்டி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சுமக்கும். மருமகனிடம் இதைச் சொன்னதும் அவன், "அதுக்கென்ன அத்த, ஃபெராரிய முந்திச்சு இல்ல?" என்றான். அந்த வயசுக்கு அதுதான் காதில் விழும்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. 2013-ல் வி.கோட்டா பக்கமிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கினான். ஏற்றவேண்டியது முக்கால் டன். அவன் ஏற்றியது ஒன்றரை டன்னுக்குப் பக்கம். உப்புத் தோல் எவ்வளவு கனம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தரவேண்டாம், உப்புத்தண்ணீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வரும். இரண்டு நடை வாடகையை ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறி மிதி உள்ளே போய்விட்டது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் மோதினான், அதனால் இருக்கிறான். இடது கால் இன்றைக்கும் இழுத்துத்தான் வைப்பான். வண்டி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது சுமக்கச் சொன்னதைப்போல இரண்டு பங்கு சுமந்தது.

அந்த மலையை வைத்தே கணக்கு போட்டேன். பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான பாரத்தோடு 16 குதிரை வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில் ஏறும். ஒன்றரை டன் போட்டால் 17. சைக்கிள்காரன் கூடவே பேசிக்கொண்டு வரலாம். 40 குதிரை இருந்தால் சரியான பாரத்தோடு 60 வரை போகப் பலம் உண்டு, கொண்டை ஊசி வளைவு விடாது என்பது வேறு. எலகிரியில் பதினாலு வளைவு, எண்ணிப் பார்த்திருப்பீர்கள். அங்கே பலம் வேண்டும். திணறாமல் ஏறினால் எஞ்சினுக்கும் நல்லது, பின்னால் வருகிறவன் அவசரப்பட்டு முந்தவும் மாட்டான். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

மருமகன் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். அவன் அப்பனைப்போலத் தோல் ஏற்றுவதில்லை. ஷூ அப்பர், ஷூ பெட்டி. கனமில்லை, ஆனால் நேரம்தான் எல்லாம். போன வருஷம் ஒரு கம்பெனிக்குச் சென்னை கோடவுனில் சரக்கு இறக்க நாற்பது நிமிஷம் தாமதம். வாடகையில் பிடித்தார்கள், அடுத்த மாதம் டிரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தான். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். வேகம் வேண்டும் என்று அவன் கேட்பது வெறும் பந்தாவுக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்து அவனையே உட்காரவைத்தேன். ஆம்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 185 கிலோமீட்டர். பழைய வண்டியில் சராசரி 50 என்றால் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிஷம். புது வண்டியில் கவர்னரோடு, 80-ஐத் தாண்டாமல், சராசரி 65 வரும். இரண்டு மணி ஐம்பத்தொன்று. ஐம்பத்தொரு நிமிஷம் மிச்சம், அவன் இழந்த நாற்பதும் அதற்குள் அடக்கம். கவர்னரைக் கழட்டி 110-ல் பறந்தாலும் டோல்கேட், ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் எல்லாம் போகச் சராசரி 72 வந்தால் பெரிசு. மேற்கொண்டு மிச்சம் பதினேழு நிமிஷம். அந்தப் பதினேழு நிமிஷத்துக்கு விலை என்ன? வேகம் 80-லிருந்து 110 ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கம், எட்டாம் வகுப்பு பாடம்தான். எஞ்சின் செட்டிங்கை மாற்றுகிறவன் பிரேக்கை மாற்றுகிறானா? 2003 செட் பையனிடமே கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

2015-லிருந்து புது சரக்கு வண்டிகளுக்கு 80-ல் நிற்கிற கவர்னர் சட்டப்படி கட்டாயம். கழட்டினால் எஃப்.சி.யில் மாட்டும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க நாமே வழி செய்து கொடுத்ததாகும். ஜாமீன் போட்டவள் பென்ஷனில் டியூ கட்டவேண்டும். இதையும் சொன்னேன். ஆனால் சட்டத்தைச் சொன்னபோது அவன் முகம் மாறவில்லை. பேச்சு வார்த்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து, ஒன்றும் சொல்லாமல், காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். அப்போதுதான் மாறியது.

என்னைக் கேட்டால் குட்டி யானைக்கு ஒரு பெர்ஃபார்மன்ஸ் மாடல் தாராளமாக வரட்டும். நல்ல பிரேக், மலை இறங்கும்போது எஞ்சினே பிடித்து நிறுத்தும் வசதி, மே மாத வேலூர் வெயிலில் ஓட்டுகிறவன் தலை சுற்றி விழாமலிருக்க ஒரு ஏ.சி. இதற்கெல்லாம் கூடுதல் காசு கேட்டால் ஜாமீன் போட நான் தயார். டிரைவர் சீட்டில் முதுகு வலிக்காமல் உட்காரவைத்தால் அதற்கும் தனியாக ஒரு கையெழுத்து.

கையெழுத்து போட்டேன். கவர்னரில் கை வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கவில்லை, அவன் சின்னப் பிள்ளை இல்லை. வண்டி வந்த அன்று கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு பைபாஸில் மாதனூர் வரைக்கும் ஓட்டினான். 80-ல் முள் நின்றது. வலது பக்கம் ஒரு ஆம்னி பஸ் எங்களை உதறித் தள்ளுவது மாதிரி தாண்டிப் போனது. அவன் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியே இருந்தது, முள் நகரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு காலைத் தளர்த்திவிட்டு, "அத்த, பாட்டு போடவா?" என்றான்.