தாத்தாவின் ரயிலுக்கு வயசு என்ன?

பழைய பொம்மை ரயில் ஒன்றின் வயதைக் கண்டுபிடிக்க, அதை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பதில் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணிலும், பெட்டிக்குள் மடித்துவைத்த காகிதத்திலும் இருக்கும். எங்கள் வீட்டில் இது தெரியாமலே 60 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தெரிந்த அன்றைக்குப் பெரிய சண்டையே வந்தது.

பெரம்பூரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு, பில்டரிடம் போகப்போகிறது. சாமான்களைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பித்தளை அண்டா யாருக்கு, தேக்குக் கட்டில் யாருக்கு என்பதெல்லாம் சுமுகமாக முடிந்தது. கண்ணாடி பீரோவில் இருந்த ரயில் பெட்டியில்தான் விஷயம் நின்றது.

தாத்தா 1944-ல் பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் க்ளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேன் ஆகி, டிரைவராக ரிட்டயர் ஆனவர். அவர் இறந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ரயிலைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதை இதுதான்: '1947-ல சுதந்திரம் வந்தப்போ, வெள்ளைக்கார துரை ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினார். தாத்தாவோட வேலையை மெச்சி, தன் பையனோட ரயிலை அவருக்குப் பரிசாக் கொடுத்துட்டுப் போனார்.' எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லுவார். ரயிலை மட்டும் தொட விடமாட்டார். என் அப்பாவுக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. அவரே அந்த இன்ஜினைக் கையில் எடுத்ததில்லை.

பெங்களூரில் ரயில் தீமில் ரெஸ்டாரன்ட் நடத்தும் ஒருவர், பெரியப்பாவின் மகன் மூலமாக வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே 'துரை கொடுத்த ரயில், 1947' என்று போர்டு மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 40,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கதையை எழுதி, குடும்பத்தின் மூத்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வருகிற பணத்தில் ஆயாவுக்கு நல்ல காது மெஷின் வாங்குவது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

கடிதத்தை டைப் செய்யும் வேலை என்னிடம் வந்தது. 'நீதான் பத்திரிகையில வேலை பார்க்குறியே பாப்பா, நல்லா எழுதிக் கொடு' என்றார் பெரியப்பா. எழுதுவதற்கு முன் விவரம் சரிபார்ப்பது என் வேலையிலேயே வந்த பழக்கம். அதனால் பெட்டியைத் திறந்தேன்.

எடையில் தொடங்கலாம்!

இன்ஜினைத் தூக்கியதும் முதலில் தெரிவது எடை. இன்றைய பிளாஸ்டிக் பொம்மை ரயில் பழகிய கைக்கு அது ஓர் அதிர்ச்சி. உருக்கி வார்த்த துத்தநாகக் கலவை உடம்பு. பின்னால் நிலக்கரி டெண்டர், தகரத்தில் அச்சடித்த இரண்டு பயணிகள் கோச், ஒரு சரக்கு வேகன், வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளங்கள். இன்ஜின் அடியில் மெக்கானோ கம்பெனியின் பெயர்.

லிவர்பூலைச் சேர்ந்த ஃப்ராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டுதான் பின்னாளில் மெக்கானோ ஆனது. ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகளை நட்டு, போல்ட் வைத்து முடுக்கி, பாலமும் கிரேனும் செய்யும் விளையாட்டு. அதே கம்பெனி 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில்களைக் கொண்டுவந்தது. ஆரம்பகால ஹார்ன்பி ரயில்களையும் மெக்கானோ போலவே நட்டைக் கழற்றிப் பிரித்துப் போடலாம். அப்படிப் பிரிக்க முடிகிற வேகன் கிடைத்தால், சேகரிப்பவர்கள் பத்திரப்படுத்திவிடுவார்கள்.

அடுத்து ஸ்கேலை எடுத்து, தண்டவாளத்தின் இடைவெளியை அளந்தேன். பழைய ஹார்ன்பி தகர ரயில்கள் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுபவை. அதற்கு 'ஓ கேஜ்' என்று பெயர். எங்கள் வீட்டு ரயில் 16.5 மில்லிமீட்டர். இதற்கு 'டபுள் ஓ' கேஜ். அந்த 'டபுள் ஓ'வைச் செல்லமாகச் சுருக்கித்தான் 'ஹார்ன்பி டப்லோ' என்று பெயர் வைத்து 1938-ல் விற்பனைக்கு விட்டார்கள். அந்த வருஷத்துக்கு முன்னால் எங்கள் ரயில் பிறந்திருக்க முடியாது. தண்டவாளத்தின் நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டவாளமும் ஓடியது. மின்சாரம் அதன் வழியாகப் போகும். இரண்டே தண்டவாளத்தில் ஓடும் டப்லோ ரயில் 1959-ல்தான் வந்தது.

இதுவரை 1947 கதைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

எண் சொன்ன சேதி

இன்ஜினின் பெயர் 'டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்'. பச்சை நிறம். டிரைவர் கேபின் பக்கவாட்டில் 46232 என்ற எண். இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

பிரிட்டனில் 1923-ல் ஏகப்பட்ட ரயில் கம்பெனிகளை இணைத்து நான்கு பெரிய கம்பெனிகளாக ஆக்கினார்கள். அதில் ஒன்று லண்டன் மிட்லாண்ட் அண்ட் ஸ்காட்டிஷ், சுருக்கமாக எல்.எம்.எஸ். நிஜமான டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ் இன்ஜின் அவர்களுக்காக 1938-ல் கட்டப்பட்டது. அப்போது அதன் எண் 6232. 1948 ஜனவரி 1-ல் நான்கு கம்பெனிகளும் நாட்டுடைமையாகி, 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' ஆனது. எல்.எம்.எஸ். இன்ஜின்களின் எண்ணோடு 40,000-ஐக் கூட்டினார்கள். 6232, 46232 ஆனது அதன் பிறகுதான்.

1947-ல் நிஜ இன்ஜினுக்கே இல்லாத எண், பொம்மைக்கு எப்படி வரும்?

டெண்டரில் ஒரு சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் சின்னம். அது பிரிட்டிஷ் ரயில்வேயின் முதல் சின்னம். 1956-ல் அதை மாற்றிவிட்டார்கள். இந்தப் பச்சை நிற மான்ட்ரோஸை ஹார்ன்பி டப்லோ வெளியிட்டதே 1953-ல்தான். பெட்டியின் அடியில் எண்ணெய் போடும் முறை சொல்லும் ஒரு தாள் இருந்தது. மெக்கானோ கம்பெனி தன் தாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் அச்சுக்குறி போடும். சாய்கோடுகளுக்கு நடுவில் வரும் எண், மாதமும் வருஷமும். எங்கள் தாளில் 955. அதாவது, 1955 செப்டம்பர்.

கோயம்புத்தூரில் இந்த ரயில்களைப் பல வருஷமாகச் சேகரிக்கும் ஒருவரிடம் வீடியோ காலில் காட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'இது 50-கள்ல நடுவுல வந்தது. தாளும் பெட்டியும் இருக்குறது பெரிய விஷயம்' என்றார்.

'அப்பா பொய் சொல்வாரா?'

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். பெரியப்பா முகம் மாறிவிட்டது.

'அந்த வேகனைப் பாரு. எல்.எம்.எஸ்.னு போட்டிருக்கு. 48-லயே அந்தக் கம்பெனி போயிடுச்சுனு நீதானே சொல்ற? அப்ப அது 47 தானே?'

நியாயமான கேள்வி. பழுப்பு நிற வேகனில் எல்.எம்.எஸ். என்றுதான் இருந்தது. ஆனால், நிஜக் கம்பெனி போன பிறகும் பொம்மைக் கம்பெனி சில வருஷம் பழைய பெயரிலேயே வேகன்கள் விற்றது. அதைப் பிரித்துக் காட்டுவது கொக்கி. போருக்கு முந்தைய டப்லோ வேகன்களை இணைக்கும் கொக்கி தட்டையான எஃகுத் துண்டு. போரின்போது நின்றுபோன உற்பத்தி மறுபடி தொடங்கியபோது, புது வகைக் கொக்கி வந்துவிட்டது. எங்கள் வேகனில் இருப்பது புதுக் கொக்கி.

இன்னொரு சாட்சியும் உண்டு. போருக்கு முன்பு வார்த்த துத்தநாகப் பாகங்களில் ஈயம் கலந்துவிட்டால், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி, விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். அந்தக் காலச் சக்கரங்கள் பலவற்றுக்கு இந்த நோய் உண்டு. எங்கள் ரயிலில் மயிரிழை விரிசல்கூட இல்லை. இதை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. மற்றவற்றோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பெரியப்பா எழுந்துவிட்டார். 'கொக்கியும் வேணாம், நம்பரும் வேணாம். எங்க அப்பா பொய் சொல்வாரா? அதை மட்டும் சொல்லு.'

யாரும் பேசவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 40,000 ரூபாய், கையெழுத்து எல்லாம் அந்த நிமிஷத்தில் சின்ன விஷயமாகிவிட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு 88 வயது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் காது கேட்கும். ஆனால், 'பொய்' என்ற வார்த்தை மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

'துரைன்னுதான்டா சொன்னாரு. வெள்ளைக்காரன்னு எப்படா சொன்னாரு?' என்றார்.

அப்புறம் அவர் சொன்னது இது. தாத்தா ஃபயர்மேனாக இருந்தபோது, அவர் இன்ஜினுக்கு டிரைவர் ஓர் ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரிலேயே வீடு. ஷெட்டில் எல்லோரும் அவரை 'துரை' என்றுதான் கூப்பிடுவார்கள். 1959-ல் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்கே போய்விட முடிவு செய்தது. அவர் பையனுக்கு அங்கிருந்த சொந்தக்காரர் அனுப்பிய ரயில் இது. கப்பலில் திரும்பக் கொண்டுபோக எடை அதிகம் என்று விற்றுவிட்டார்கள். தாத்தா 60 ரூபாய் கொடுத்து வாங்கினார். அன்றைக்கு அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

'எங்க மாமியார் கையிலதான் அப்ப சம்பளமே. 60 ரூபாய்க்குப் பொம்மையான்னு வீட்டைவிட்டே தொரத்தியிருக்கும். அதான் துரை ஊருக்குப் போறப்ப சும்மா கொடுத்தாருன்னு சொல்லிட்டாரு. எனக்கு மட்டும் ராத்திரி சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல.'

பெரியப்பாவுக்கு 1959-ல் ஐந்து வயது. 'துரை ஊருக்குப் போனபோது கொடுத்தது' என்ற வரி மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. துரை என்றால் வெள்ளைக்காரர், ஊருக்குப் போனது என்றால் 1947 என்று மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டது. தாத்தா சொன்னதில் துரை நிஜம், போனது நிஜம். 'சும்மா' என்ற ஒரு வார்த்தைதான் பொய். அதுவும் அவருடைய அம்மாவுக்காகச் சொன்னது.

'யாருக்காக வாங்கினாரு? எனக்கா?' என்று பெரியப்பா கேட்டார்.

'உனக்கும் இல்ல, யாருக்கும் இல்ல. அவருக்குத்தான் வாங்கிக்கிட்டாரு. நிலக்கரி அள்ளிப் போட்டுட்டு வந்து, ராத்திரில அதை மடியில வெச்சுத் தொடைச்சுக்கிட்டு இருப்பாரு. நீங்க தொட்டா உடைச்சிடுவீங்கன்னு பயம்' என்று ஆயா சிரித்தார்.

ரெஸ்டாரன்ட் உரிமையாளரிடம் பெரியப்பாவே போன் செய்து உண்மையைச் சொன்னார். '1947 இல்லைன்னா எனக்கு வேண்டாம் சார்' என்று அவர் விலகிக்கொண்டார். கோயம்புத்தூர் சேகரிப்பாளர் 18,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அவரிடம் 12 வோல்ட் கன்ட்ரோலர் இருக்கிறது, ஓட்டவும் போகிறார். பெட்டிக்குள் வைக்க ஒரு தாள் கேட்டார். அதைப் பெரியப்பா என்னிடம் தரவில்லை. தன் கையாலேயே எழுதினார். துரை, 1959, 60 ரூபாய் எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த எல்.எம்.எஸ். வேகன், செட்டோடு சேர்ந்தது இல்லை, தனியாக வந்தது என்று சேகரிப்பாளர் சொன்னார். பெரியப்பா அதை எடுத்து அப்பாவிடம் நீட்டி, 'இந்தாடா, நீ வெச்சுக்கோ' என்றார். இப்போது அது எங்கள் டி.வி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா தினமும் ஒரு தடவை உருட்டிப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். இருந்தால், பெயின்ட் அடிக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். பழைய நிறமும் எழுத்தும்தான் அதன் அடையாளம். பழைய மின்சார ரயிலை நேராகப் பிளக்கில் சொருகவே கூடாது. அட்டைப்பெட்டியையும் கிழிந்த தாளையும் குப்பையில் போடாதீர்கள். தண்டவாளத்தை அளந்து, எண், எழுத்து, கொக்கி, அடிப்பாகம் நான்கையும் போட்டோ எடுத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முக்கியமாக, வீட்டிலேயே வயதானவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கேளுங்கள்.

ஆயாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. கையில் இருந்து இன்னும் கொஞ்சம் பணம் போட வேண்டியிருந்தது.