அழிக்கச் சொன்ன படம்

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, விசாரித்தவர்களுக்கு நன்றி. ஒரு புத்தகம் கையில் கிடைத்தது, அதோடு உட்கார்ந்துவிட்டேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் வந்து படித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்தவள் என் பழைய மாணவி. பெங்களூரு சித்ரகலா பரிஷத்தில் ஓவியம் படித்துவிட்டு, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறாள். மேசைமேல் வைத்தபோது தாலுகா ஆபீஸ் ஃபைல் ஏதோ என்றுதான் நினைத்தேன். பார்க்க அப்படித்தான் இருந்தது. பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', முடிவு பெறாத தோம்பு. 2011ல் வெளியானது. செய்தவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன்.

தோம்பு என்றால் எனக்கும் தெரியவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இலங்கையை ஆண்ட காலத்தில், எந்த நிலம் யாருடையது என்று எழுதிவைத்த பதிவேடு. நம் ஊர்க் கணக்கில் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி.

சனாதனன் என்ன செய்திருக்கிறார் என்றால், போரில் வீட்டை விட்டு வந்தவர்களைத் தேடிப்போய், "உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் லட்சக்கணக்கில் மூட்டை முடிச்சோடு நாவற்குழி வழியாக நடந்தார்கள். செய்தித்தாளில் படித்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவர்கள் வரைந்த வீடுகள் இவை. மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, இது கூடம், இது கிணறு, இது மாமரம் என்று கோணல்மாணலாக. அதன் பக்கத்தில் கட்டட வரைபடம் போடத் தெரிந்த ஒருவர் அதையே அளவாகப் போட்டிருக்கிறார். பிறகு அதே வீட்டுக்கு சனாதனனே பேஸ்டலில் ஒரு ஓவியம். இப்படி 80 வீடுகள்.

நாலைந்து வீடு புரட்டியதும் மூடிவைத்துவிட்டேன். எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான்.

1993 என்று நினைக்கிறேன். நாலாம் வகுப்பு. 'என் வீடு' என்று படம் வரையச் சொன்னேன். எல்லோரும் வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. (ஓசூரில் ஏது அவ்வளவு தென்னை? படம் என்றால் தென்னை வந்தாக வேண்டும்.) இவன் மட்டும் நோட்டில் வெறும் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். ஒரு கட்டத்துக்குள் சின்ன வட்டம், ஓரத்தில் பெரிய வட்டம். வீட்டில் தெலுங்கு பேசுகிற பையன், தமிழில் சொல்ல வார்த்தை வராமல் நின்றான். "இது என்னடா, கணக்கு நோட்டா? வீடு இப்படியா இருக்கும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. ரப்பர் கொடுத்து அழிக்கச் சொல்லி, மலையும் சூரியனும் போடவைத்தேன். போட்டான். நானும் சரி போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி வயதுப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்குப் போனபோது அவன் குடும்பம் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தது. கம்பெனிக்கு நிலம் எடுத்ததில் அவர்கள் வீடும் போயிருந்தது. அவன் அம்மா சொன்னார்: "ஓட்டப் பிரிச்சு, செவுத்த இடிச்சப்பறம் அடிச்செவுரு மட்டும் ஒரு முழம் நின்னுச்சு டீச்சர். தெனம் போயி அதுமேலயே நடந்து நடந்து பாத்துட்டு வருவான்."

அதுதான் அந்தக் கட்டங்கள். சின்ன வட்டம் உரல், பெரிய வட்டம் கிணறு. அவன் பார்த்த வீட்டை அவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை மனவியல் எல்லாம் படித்துத் தேறியவள்தான் நான். மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே குண்டு விழுந்தது, இங்கே நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளால்தான் உங்களில் பாதிப் பேர் இன்று லேலண்டிலும் டைட்டனிலும் டிவிஎஸ்ஸிலும் இருக்கிறீர்கள். ஆனால் இல்லாமல் போன வீட்டுக்கு ஒரு பதிவேடு வேண்டும், அதை அங்கே வாழ்ந்தவர் கையால்தான் எழுத முடியும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் என்னை உலுக்கியது.

சனாதனன் டெல்லியில் ஓவியம் படித்தவர், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறவர். வரைவது, வரலாறு எழுதுவது, பொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைப்பது என்று மூன்று வேலை. நம் ஊரில் இவை மூன்றும் வேறு வேறு ஆட்கள். இவருக்கு ஒன்றுதான் போல. தோம்பையே பாருங்கள். போய்க் கேட்டு எழுதியது வரலாற்றுக்காரர், கோப்பாக அடுக்கியது காட்சியகத்துக்காரர், பேஸ்டல் எடுத்தது ஓவியர். யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலைக்கு ஆவணக் காப்பகம் ஒன்று உருவானதிலும் அவர் பங்கு உண்டு.

அதற்கு முன்பு ஒன்று செய்திருக்கிறார்கள், அதுவும் பிடித்தது. இவர், முகனத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க என்று நான்கு ஓவியர்கள். ஒருவர் வரைந்து தபாலில் அனுப்ப, அடுத்தவர் அதற்குப் பதிலாக வரைந்து அனுப்ப வேண்டும். ஓராண்டுத் திட்டம் என்று பெயர். 2005 மே மாதம் தொடங்கி 2007 அக்டோபர் வரை இழுத்தது. நடுவில், 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையையே மூடிவிட்டார்கள். அப்படியும் 208 படங்கள் சேர்ந்தன. தமிழர், முஸ்லிம், சிங்களவர் சேர்ந்து செய்தது என்பதையும் கவனியுங்கள்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். இப்போது ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறான், நாற்பதைத் தாண்டிவிட்டான். நம்பர் வாங்கிப் பேசினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "எந்தப் படம் டீச்சர்? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றான். முப்பது வருஷம் தூக்கிக்கொண்டு நடந்தது நான் மட்டும்தான் போல. "இப்ப வரைஞ்சு குடுப்பியாப்பா?" என்று கேட்டேன். "பாக்கறேன் டீச்சர்" என்று வைத்துவிட்டான்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. கிணறு தொழுவத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அண்ணனோடு ஒரே சண்டையாம். அவன் அம்மா பின்னாலிருந்து தெலுங்கில் இரண்டு பேரையும் திட்டுகிறார், இரண்டுமே தப்பாம். ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து போட்டு அனுப்புகிறோம் என்றான்.

உங்களில் இன்னும் சிலர் வீடும் அப்படிப் போனது எனக்குத் தெரியும். பென்சிலில், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, போட்டு அனுப்புங்கள். அம்மா அப்பா இருக்கும்போதே கேட்டுப் போடுங்கள். டிராயிங் டீச்சர் அடுக்கிவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் ரப்பரைத் தொடமாட்டேன்.